மைத்துனர் தர மறுத்த பத்துக் கிலோ குழாய்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களின் சமூகத்துக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டு பத்தொன்பது வருடமாக உங்கள் அறிவுரைகளைக் கேட்டுவரும் மாப்பிள்ளை எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை, உங்கள் மருமகள் மூவரும் முழு உடம்போடு நலம். 'முழு' என்ற சொல்லின் கீழே இரண்டு கோடு போட்டிருப்பதைக் கவனிக்கவும். அங்கே நீங்களும், குழாய்க் கடையும், கடை வாசலில் எப்போதும் நிற்கும் அந்த மூன்று வாடிக்கையாளர்களும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த மூவருடைய நலத்தில் எனக்குத் தனி அக்கறை உண்டு. ஏனென்று கடைசியில் சொல்கிறேன்.

போன மாதம் உங்கள் கடைக்கு வந்து ஒரு ஆள் உயரத்துக்கு பிளாஸ்டிக் குழாய் கேட்டேன். "மொட்டைமாடித் தொட்டிக்கா மாப்ளே?" என்றீர்கள். நான் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், எங்கள் அச்சகத்தின் ஆண்டு விளையாட்டு விழாவில் பந்தை வெகுதூரம் எறியும் போட்டி இருக்கிறது, கையால் எறியக்கூடாது, சொந்தமாகச் செய்த கருவியால்தான் எறிய வேண்டும், மூன்று வருடமாக பைண்டிங் பிரிவுக்காரர் ஒருவரே டயர் ரப்பரில் கவண் கட்டி ஜெயித்துக்கொண்டிருக்கிறார், ஆகவே காற்றுப் பீரங்கி செய்யப்போகிறேன் என்று உண்மையைச் சொன்னேன். அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? அந்த மூன்று பேர் முன்னால், "தண்ணிக்குன்னா லாரி நிறைய ஏத்திக்கிட்டுப் போங்க. காத்துக்குன்னா ஒரு ஜாண் கூடத் தர மாட்டேன்" என்றீர்கள். குழாயின் மேல் பத்துக் கிலோ அழுத்தம் தாங்கும் என்று அச்சடித்திருக்கிறதே, நான் ஐந்துக்கு மேல் போக மாட்டேனே என்று காட்டினேன். "அது தண்ணிக்குப் போட்ட நம்பர் மாப்ளே. தண்ணியை அமுக்க முடியாது. பைப்பு விரிஞ்சா ரெண்டு சொட்டு ஒழுகிட்டு அழுத்தம் அடங்கிடும். காத்து அப்படியில்ல, ஸ்பிரிங் மாதிரி சுருண்டு உள்ள உக்காந்திருக்கும். விட்டுச்சுன்னா பைப்பையே கத்தி கத்தியா உடைச்சு அள்ளிக்கிட்டுப் போகும். அதுவும் வெயில்ல கிடந்ததுன்னா அந்த நம்பர்ல பாதி கூட நிக்காது" என்று ஒரு சொற்பொழிவே செய்தீர்கள். மூவரில் ஒருவர் என்னைப் பார்த்து "பாவம்" என்றார். அந்தப் 'பாவம்' இன்னும் என் காதில் இருக்கிறது.

மைத்துனரே, நான் இருபத்தாறு வருடமாகப் பிழை திருத்துகிறவன். அச்சில் இருப்பதை நம்பிப் பிழைக்கும் பிறவி. அந்தக் குழாயின் மேலிருந்த வரியை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தேன். ஒரு புள்ளி கூட இடம் மாறவில்லை. இவ்வளவு சுத்தமாக அச்சடிக்கிறவன் பொய் சொல்வானா? ஆகவே நேராக அடுத்த தெருக் கடைக்குப் போனேன். அந்தப் புண்ணியவான் எதற்கென்று கேட்கவே இல்லை. நீளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டார். வியாபாரி என்றால் அவர் வியாபாரி.

பிறகு நடந்தவற்றில் சில உங்கள் தங்கை வழியாக உங்களுக்குத் தெரிந்திருக்கும். குழாயின் மூடியைப் பசை போட்டு ஒட்டும்போது என் சட்டைக் கையும் சேர்ந்து ஒட்டிக்கொண்டதும், சட்டையிலிருந்து குழாயைப் பிரிக்க முடியாமல் குழாயிலிருந்து சட்டையைப் பிரித்து, அந்தத் துணுக்கோடே பீரங்கி கம்பீரமாக நின்றதும் உண்மை. கூடத்தில் வெறும் ஒரு கிலோ அழுத்தத்தில் என் காலுறையைச் சுருட்டி வைத்துச் சுட்டதும், அது நேரே போய்ச் சுவர்க் கடிகாரத்தை அடித்ததும், அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எப்போதும் மணி ஐந்து பத்தாகவே இருப்பதும் உண்மை. உங்கள் தங்கை, "ஒண்ணு அது வீட்ல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்குக் கிளம்பியதும் உண்மை. ஆனால் இரண்டே மணி நேரத்தில் திரும்பிவந்து அவள் சொன்னதுதான் விசேஷம். "சரி, செஞ்சது செஞ்சாச்சு. இந்தச் சாம்பல் கலரு பாக்க சகிக்கல. சிவப்பு பெயிண்ட் அடிச்சா மேடையில எடுப்பா இருக்கும். குடுங்க, நானே அடிச்சுக் கொண்டாறேன்" என்றாள். நான் நெகிழ்ந்துபோனேன். பெயிண்டுக்காரர் ஒருவர் தெரியும் என்று குழாயை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். காய வேண்டும் என்று நான்கு நாள் கழித்துக் கொண்டுவந்தாள். உங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று நான் வியந்ததை இங்கே பதிவு செய்கிறேன்.

விழா நாளும் வந்தது. பீரங்கியை நானும் மகளுமாகத் தூக்கினோம். கனத்தது. இரண்டு கோட்டு பெயிண்ட் இவ்வளவு கனக்குமா என்று கேட்டதற்கு, "உங்களுக்கு வயசாகுதுப்பா" என்றாள் உங்கள் மருமகள். மைதானத்தில் கீழே வைத்தபோது 'ணங்' என்றது. பைண்டிங்காரர், "என்ன சார், இரும்பா?" என்றார். "பிளாஸ்டிக்" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. "எங்க மைத்துனர் பெரிய குழாய் வியாபாரி. அவரே பயந்து தர மாட்டேன்னுட்டாரு. அந்தப் பிளாஸ்டிக்." கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. மேனேஜர் நாற்காலியோடு பின்வாங்கினார்.

கவண்காரர் முதலில் எறிந்தார். தொண்ணூறு அடி தாண்டி விழுந்தது. கைதட்டல். என் முறை. மகள் பீரங்கியின் மேல் கன்னத்தை வைத்து ஒற்றைக் கண்ணை மூடிக் குறி பார்த்தாள். நான் பம்பை மிதித்தேன். மூன்று கிலோ. நான்கு. ஐந்து. அங்கே நிறுத்துவதாகத்தான் திட்டம். ஆனால் அந்தக் கவண்காரர் சுண்டல் பொட்டலத்தை மடித்தபடி, "அவ்வளவுதானா சார்?" என்றார் பாருங்கள். ஏழு வரை மிதித்தேன். மேனேஜர் நாற்காலியை விட்டுவிட்டு ஓடினார். ஆனால் மைத்துனரே, முன் வரிசையில் உட்கார்ந்திருந்த உங்கள் தங்கை கண்கூட இமைக்கவில்லை. வேர்க்கடலையை உரித்து உரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். கணவன் மேல் ஒரு பெண் வைக்கும் நம்பிக்கைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

காற்றைத் திறந்துவிடும் வால்வைத் திருகினேன். பந்து போனதை யாரும் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, மைதானத்துக்கு அப்பால் காகித கோடவுனின் தகரக் கூரையில் 'டொம்' என்று ஒரு பதில் வந்தது. அளக்கப் போனவர்கள் முன்னூறு அடியில் மதில் வந்துவிட்டதால் அளப்பதை நிறுத்திவிட்டார்கள். கோடவுன் காவல்காரர் பந்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து எனக்கு சல்யூட் அடித்தார். கவண்காரர் தன் ரப்பரைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார். கோப்பை என் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

ஆக, உங்கள் சுருண்ட ஸ்பிரிங்கும், கத்தி கத்தியாக உடைவதும், பாதி கூட நிற்காத நம்பரும் என்னவாயின? பிளாஸ்டிக் வென்றது. அச்சு வென்றது. நான் வென்றேன். இந்தக் கடிதத்தை அந்த மூன்று வாடிக்கையாளர்களையும் நிற்கவைத்து, உங்கள் வாயாலேயே உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்பது என் தாழ்மையான விண்ணப்பம். 'பாவம்' என்றவரை முன்னால் நிறுத்தவும்.

கடை செழிக்கட்டும், மூட்டுவலி குறையட்டும், வீட்டில் எல்லோரும் என்னைப்போலவே தலைநிமிர்ந்து வாழட்டும்.

இப்படிக்கு,
எப்போதும் உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும் முன் தண்ணீர் குடிக்க எழுந்தேன். பீரங்கியைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் சாய்த்து வைத்திருந்தோம். அந்தக் கதவில் பால்காரர் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு காந்தக் கிளி இருக்குமே, அது சீட்டோடு பீரங்கிக்குத் தாவியிருந்தது. பிடுங்கினேன். மறுபடி ஒட்டிக்கொண்டது. பிளாஸ்டிக்கில் காந்தம் ஒட்டாது என்பது எனக்கே தெரியும். சாவியால் பெயிண்டைச் சுரண்டினேன்.

"இது என்ன?" என்றேன் உங்கள் தங்கையிடம்.

"இரும்பு" என்றாள், துணி மடித்துக்கொண்டே. "அண்ணன் போட்டுக் குடுத்தாரு. முதல்ல தண்ணி ஊத்தி இருவது கிலோ ஏத்திப் பாத்துட்டுத்தான் பெயிண்டே அடிச்சாரு."

"என் குழாய்?"

பீரோ மேலிருந்து ஒரு செருப்புப் பெட்டியை எடுத்து வைத்தாள். "கேட்டா காட்டு, கேக்காட்டி விட்டுடுன்னாரு. கடைக்குப் பின்னாடி ஒரு பகல் வெயில்ல போட்டு, மணல் மூட்டைக்கு நடுவுல வச்சு, எல்லாரும் தூரப் போய் நின்னு காத்து ஏத்தினாங்களாம். நாலு கிலோ."

உள்ளே முழுக்கச் சாம்பல் நிறத் துண்டுகள். ஒவ்வொன்றும் காய்கறிக் கத்தி போல. என் சட்டைக் கைத் துணுக்கு ஒன்றில் ஒட்டியிருந்தது. ஒரு துண்டில் அந்த 'பத்து' முழுசாக, பிழையில்லாமல் இருந்தது. அப்போது மகள் அடுக்களைக்கு வந்தாள். நான் சும்மா அவள் கன்னத்தில் கை வைத்தேன். "என்னப்பா, கை இப்படி ஜில்லுனு இருக்கு?" என்றாள்.

கடிதத்தைக் கிழித்திருக்கலாம். ஆனால் என் தொழிலில் அச்சேறியதைக் கிழிப்பதில்லை, திருத்தப் பட்டியல்தான் சேர்ப்போம். ஆகவே மேலே 'பிளாஸ்டிக் வென்றது' என்று இருக்கும் இடத்தில் 'இரும்பு' என்றும், 'நான் வென்றேன்' என்று இருக்கும் இடத்தில் 'மைத்துனர்' என்றும் திருத்திப் படிக்கவும். கடையில் இதை நீங்கள் படிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கோப்பையையும் செருப்புப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். அந்த மூன்று பேரை மட்டும் எங்கேயும் போகாமல் பிடித்து வையுங்கள்.