மனைப்பட்டா நேயர் விருப்பம்

மைக்கைக் கண்டால் தொண்டையைச் செருமுகிற ஒரு மனித இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். சொல்ல வேண்டியது ஒன்றே கால் வரி. அதற்கு முன்னால் மூன்று தட்டு, இரண்டு ஊதல், நாலு அலோ, அன்பார்ந்த தாய்மார்களே, பெரியோர்களே, இந்தப் பொன்னான வேளையிலே என்று எல்லாம் தாண்டி விஷயத்துக்கு வருவதற்குள், கேட்க வந்தவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் கையலம்பியிருப்பான். அறிவிப்பாளராகக் கிளம்பும் புதியவர்கள் இந்த இனத்தின் முதல்தரமான ஒருவரிடம் பாடம் கேட்க வேண்டுமென்றால், வலங்கைமான் பக்கத்து மைக்செட் செல்லதுரையைத்தான் சொல்வேன்.

செல்லதுரைக்கு இலங்கை வானொலி என்றால் உயிர். அந்தக் குரலை அப்படியே இறக்குமதி செய்து தொண்டையில் வைத்திருந்தார். கல்யாணமோ, காதுகுத்தோ, கட்சிக் கூட்டமோ, ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் முன்னால் "இந்தப் பாடலை விரும்பிக் கேட்டவர்கள்" என்று தெருவிலிருக்கிற அத்தனை பேர் பெயரையும் வாசிப்பார். யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். அதனால் என்ன? ஒலிபெருக்கிக் குழாயில் தன் பெயர் வந்தால் யாருக்குக் கசக்கும்? வாயெல்லாம் பல்லாகப் பாட்டுக்குக் காத்திருப்பார்கள்.

எழுபத்திரண்டாம் வருஷம், கூலிக்காரர்கள் குடிசை போட்டிருந்த திடலை அவர்களுக்கே மனைப்பட்டாவாகக் கொடுக்கத் தாசில்தார் வந்தார். சும்மா வந்துவிடவில்லை. கொடி பிடித்து, அறுப்பை நிறுத்தி, அடி வாங்கி வரவழைத்தது. மிராசுதார் வைத்தியலிங்கம் மட்டும் லேசுப்பட்டவரா? திடலில் ஒரு குஞ்சும் குடியில்லை, உட்கார்ந்திருப்பதெல்லாம் லாரியில் வந்த வெளியூர்க் கூட்டம் என்று மனுக் கொடுத்துவிட்டு, பந்தலில் முதல் நாற்காலியிலும் வந்து உட்கார்ந்துகொண்டார். பெயரைக் கூப்பிட்டதும் ஆள் எழுந்து வர வேண்டும், வராத பெயர் அடிபட்டுப்போகும், அதை முதலில் சொல்லிவிடுங்கள் என்று தாசில்தார் பட்டியலைச் செல்லதுரையிடம் நீட்டினார்.

அந்த வறட்டு வாக்கியம் செல்லதுரைக்குப் பிடிக்கவில்லை. கடைசிக்கு வைத்துக்கொண்டார். புதியவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிட்டால் நிகழ்ச்சியில் அப்புறம் என்ன சுவாரசியம்?

முப்பத்தாறு பெயர். இவ்வளவு நீளப் பட்டியல் அவருக்கு வாழ்நாளில் வாய்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "திடலிலிருந்து காத்தான், ரெத்தினம், செவ்வந்தி மற்றும் குடும்பத்தினர்..." என்று தேனாக இழுத்தார். காத்தான் மீசையைத் தடவிக்கொண்டார். செவ்வந்தி வெட்கப்பட்டார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை, பாட்டு வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள். தாசில்தார் ஒவ்வொரு பெயருக்கும் நிமிர்ந்து பார்ப்பார், ஆள் வராது, பென்சிலால் பெருக்கல் குறி போடுவார். வைத்தியலிங்கம் மனம் குளிர்ந்து, செல்லதுரைக்கு ஒரு கலர் சோடா வாங்கிவர ஆள் அனுப்பினார்.

முன்வரிசையிலிருந்த காளியம்மாள் அந்தப் பென்சிலைப் பார்த்தார். மிராசுதாரின் ஆட்கள் இரண்டு தடவை பிரித்துப் போட்ட குடிசை அவருடையது. பதினோராவது பெயரில் எழுந்துவந்து மைக்கைப் பிடுங்கினார்.

"காத்தான் அண்ணே, எந்திரிச்சு வாங்க. பாட்டுக்கு இல்ல, மனைக்குக் கூப்பிடுறாங்க. வரலன்னா வீடு போயிரும்."

ஓர் அலோ இல்லை, ஒரு செருமல் இல்லை. செல்லதுரைக்கு உடம்பெல்லாம் கூசியது. இதெல்லாம் ஒரு அறிவிப்பா? ஆனால் திடலே எழுந்து ஓடிவந்தது. காளியம்மாள் பட்டியலைப் பார்க்கவே இல்லை. எந்தக் குடிசையில் யார் என்று அவருக்குத் தெரியாதா? ஒவ்வொருவராகக் கூப்பிட, தாசில்தார் பெருக்கல் குறிகளை ரப்பரால் அழிக்க, கலர் வந்துசேருவதற்குள் வைத்தியலிங்கம் கிளம்பிவிட்டார். செல்லதுரை அதைக் குடித்து மனதைத் தேற்றிக்கொண்டார்.

முப்பத்தாறாவது பட்டா காளியம்மாளுடையது. அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு மைக்கைத் திருப்பிக் கொடுக்க வந்தார். கொடுக்கவில்லை. எதிரே அத்தனை முகம். விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். மெல்லச் செருமினார்.

"அன்பான தாய்மார்களே..."

முக்கால் மணி நேரம். செல்லதுரை ஆனந்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டைக் காப்பாற்றியவரையே அந்த மைக் விடவில்லை. நீங்களும் நானும் எந்த மூலைக்கு? அதெல்லாம் இல்லை, நான் அப்படிப்பட்ட ஆளில்லை என்று சொல்லத்தானே வாயெடுக்கிறீர்கள்? சொல்லுங்கள். அதற்கு முன்னால் தொண்டையில் என்ன சத்தம்?