பெண் பார்க்கப் போன இடத்தில் வி.ஆர். கேம்

கல்யாண பயோடேட்டாவில் பொய் எழுதாத ஆண் இன்னும் பிறக்கவில்லை. மற்றவர்கள் உயரத்தில் இரண்டு அங்குலம் கூட்டுவார்கள். நான் பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'வி.ஆர். கேம்' என்று எழுதினேன். (பேரங்காடியில் அடுத்தவன் கண்ணை மறைக்கும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு விளையாடுவதைப் பார்த்திருக்கிறேன், போதாதா?) நிஜத்தில் நான் மெல்ல மலையேறும் கொடிமலை ரயிலிலேயே கண்ணை மூடிக்கொண்டு உட்காருகிறவன்.

ஜெலுத்தோங்கில் யோகேஸ்வரியைப் பெண் பார்க்க அம்மாவும் நானும் போனோம். புகைப்படத்தைப் பார்த்ததிலிருந்தே எனக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் அவளைத்தான் என்று இருந்தேன். பயமெல்லாம் அவள் அப்பாவிடம்தான். முப்பது வருடம் ஃபெர்ரியில் வேலை பார்த்தவர், சிரிப்பே வராத முகம்.

இரண்டு தட்டு கேசரி உள்ளே போனதும் வாய் சும்மா இருக்கவில்லை. "இனிமே எல்லார் வீட்டுலயும் வி.ஆர். வந்துரும் அங்கிள், டிவி மாதிரி. யார் வேணும்னாலும் விளையாடலாம்" என்று அளந்துவிட்டேன்.

"தலை சுத்தும்னு சொல்றாங்களே?" என்றார்.

"அது வீக்கான ஆளுங்களுக்குத்தான் லா."

அவர் முகம் இன்னும் இறுகியது. யோகேஸ்வரி அறைக்குள் போய் ஒரு ஹெட்செட்டோடு வந்தாள். (விளையாட்டுப் பைத்தியமே அவள்தான். அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் என்னை வரச் சொன்னாளாம்.)

"ரோலர் கோஸ்டர் போடவா? நீங்கதான் பழகினவராச்சே" என்று சொல்லித் தலையில் மாட்டிவிட்டாள்.

வண்டி மெல்ல ஏறி, உச்சியில் ஒரு நொடி நின்று, விழுந்தது. நான் சோபாவில்தான் இருந்தேன். குடல் மட்டும் வண்டியோடு போய்விட்டது. மூன்றாவது வளைவில் கேசரி திரும்பி வரக் கிளம்பியது. "அம்மா..." என்று முனகினேன். பெற்ற மனம் அல்லவா, அம்மா கையில் கிடைத்ததை நீட்டினார். கிடைத்தது, நாங்கள் கொண்டு போயிருந்த வெற்றிலை பாக்குத் தட்டு.

ஹெட்செட்டைக் கழற்றினேன். எதிரே தட்டில் வெற்றிலை, பாக்கு, ஆப்பிள், ஆரஞ்சு, கேசரி. இவள் இனி எனக்கில்லை என்று தோன்றியதும் நிஜமாகவே அழுகை வந்தது.

"மன்னிச்சிருங்க அங்கிள். நான் இதை விளையாடினதே இல்ல. பொய் எழுதிட்டேன்."

அவர் எழுந்தார். வாசலைக் காட்டப் போகிறார் என்று நினைத்தேன். சமையலறைக்குப் போய், குமட்டலுக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் 'ஆசாம் போய்' என்ற புளிப்புப் பழ வற்றல் டப்பாவை எடுத்து வந்தார்.

"எத்தனை நிமிஷம் தாங்குனீங்க தம்பி?"

"ரெண்டு இருக்கும்."

"நான் ஒன்னுகூடத் தாங்கல. பிள்ளை வேலைக்குப் போன நேரம் திருட்டுத்தனமா மாட்டிப் பார்த்தேன். முப்பது வருஷம் கடல்ல நின்னவன், வெளிய சொல்ல முடியுமா?" என்று சொல்லி முதல் முறையாகச் சிரித்தார்.

யோகேஸ்வரி அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "பொய் சொன்னதுக்குத் தட்டை நீங்கதான் கழுவணும்" என்றாள். பளபளவென்று கழுவினேன்.

கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. இன்றுவரை எங்கள் குடும்பத்து விசேஷம் எதிலும் வெற்றிலைத் தட்டு என் கைக்கு வந்ததில்லை. வரிசையில் என்னைத் தாண்டி, பக்கத்தில் இருப்பவரிடம் போய்விடும். எல்லாரும் சிரிப்பார்கள். மாமனார் மட்டும் யாருக்கும் தெரியாமல் என் உள்ளங்கையில் ஓர் 'ஆசாம் போய்' வற்றலை வைத்துவிட்டு, தன் வாயிலும் ஒன்றைப் போட்டுக்கொள்வார்.