விருந்தினர் கட்டில் ஒழிந்த விதம்

ஜூன் மாதத்துக் கடைசி ஞாயிறு, காலை ஒன்பதரை மணிக்குச் சிவகுருநாதன் தம் வாழ்வின் மிகப் பெரிய தீர்மானத்துக்கு வந்தார். இரண்டாவது அறையிலிருந்து கட்டில் போகவேண்டும். புத்தகங்கள் வரவேண்டும்.

இதில் என்ன பெரிய தீர்மானம் என்று கேட்பவருக்குத் தலைநகரத்து வெள்ளவத்தையைத் தெரியாது. யாழ்ப்பாணத்துக்கும் விமான நிலையத்துக்கும் இடையில் சொந்தமாக ஒரு பிளாட் வைத்திருப்பவன் சாதாரணக் குடும்பஸ்தன் அல்லன். அவன் ஒரு மடம். விசா நேர்முகத்துக்கு வருகிறவர் அங்கேதான் தங்குவார். கண் ஒப்பரேஷனுக்கு வருகிறவரும் அங்கேதான். கூறைச் சேலை எடுக்க வருகிறவர்கள் ஏழு பேராக வந்து, ஒரு சேலையையும் எடுக்காமல் போய், ஒன்பது பேராகத் திரும்பி வருவார்கள். மகன் மெல்பேர்னுக்குப் படிக்கப் போன நாளிலிருந்து அவனுடைய கட்டில் ஒரு கிழமை சேர்ந்தாற்போல் வெறுமையாகக் கிடந்ததில்லை.

அந்தக் கட்டிலுக்கு அடியில் பதினொரு பெட்டிகளில் சிவகுருநாதனின் புத்தகங்கள் கிடந்தன. அகராதி மட்டும் ஒன்பது. ஒரு சொல்லின் பொருள் பார்க்க வேண்டுமென்றால் முதலில் யாரோ ஒரு சித்தப்பாவை எழுப்ப வேண்டும்.

போதாததற்கு ஓகஸ்டில் முத்துலிங்கம் வருகிறார். மனைவி ஜெகதீஸ்வரியின் அண்ணர்; ரொறன்ரோவாசி. நல்லூர்த் திருவிழாவுக்காகப் பெண்சாதி, இரண்டு மகள்மாருடன் வருகிறார். முன்னொரு முறை "மூண்டு நாள்தான் மச்சான்" என்று வந்தவர் பத்தொன்பது நாள் இருந்தார். பத்தொன்பது நாளும் சிவகுருநாதன் சாப்பாட்டு மேசைக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நடுவில் பாய் விரித்துப் படுத்தார். எவருக்கு எந்நேரம் தாகமெடுத்தாலும் அவரைத் தாண்டித்தான் போகவேண்டும்.

ஆனால் "உம்முடைய அண்ணர் வரக்கூடாது" என்று எந்தக் கணவனால் சொல்லமுடியும்? அதனால் அவர் உள்ளக அலங்காரத்தைக் கையிலெடுத்தார். யூடியூப்பில் அறுபது காணொளிகள் பார்த்தார். குறிப்பெடுத்தார். குறிப்புகளுக்கு அட்டவணை போட்டார். பிறகு குசினிக்குப் போனார்.

"ஜெகா, ஒரு முக்கியமான விஷயம் கதைக்க வேணும்."

"மீன் வெட்டுறன். கெதியாச் சொல்லுங்கோ."

"எங்கட வீடு சின்னது."

"இருபத்தொரு வருஷத்துக்குப் பிறகு கண்டுபிடிச்சிட்டியள்."

"பொறும். வீடு சின்னதில்லை. சின்னதாத் தெரியுது. ரெண்டும் வேற வேற."

"வாடகை எண்டால் ரெண்டும் ஒண்டுதான். சொந்த வீடு, பரவாயில்லை. சொல்லுங்கோ."

சிவகுருநாதன் சுவரில் சாய்ந்துகொண்டார். சொற்பொழிவு ஆரம்பமாயிற்று. சின்ன வீட்டு அலங்காரம் என்பது கண்ணை ஏமாற்றுகிற கலை. சுவருக்கு வெளிர் நிறம் பூசவேண்டும். சீலிங்குக்கு அதைவிட வெளிர். யன்னலுக்கு எதிரே ஒரு பெரிய கண்ணாடி மாட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்காகும். தளபாடங்களுக்குக் கால் இருக்கவேண்டும், தரை தெரிந்தால் அறை பெரிதாகத் தெரியும். அலுமாரியை அகலமாகச் செய்யாமல் உயரமாகச் செய்யவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அறையின் நடுவில் ஒரு பொருளும் படுத்துக் கிடக்கக்கூடாது.

"எது படுத்துக் கிடக்குது?"

"கட்டில்."

"ஓ."

"அதை எடுத்துப்போட்டு ஒரு சுவர் முழுக்கப் புத்தக அலுமாரி. யன்னலடியில ஒரு பெஞ்ச், இருந்து வாசிக்க. அவ்வளவுதான். ஆக்கள் வந்தால்..." இங்கே குரலைத் தாழ்த்திக் கொஞ்சம் துக்கம் சேர்த்தார். "ஆக்கள் வந்தால்தான் கஷ்டம். படுக்க இடமிராது. என்ன செய்யிறது?"

ஜெகதீஸ்வரி கத்தியைக் கீழே வைத்தார். கையைக் கழுவினார். கணவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்ல யோசனை," என்றார்.

கலியாணமானவர்கள் இந்த இரண்டு சொற்களைக் கேட்டதும் ஒரு கதிரையில் அமர்ந்து நிதானமாக யோசிக்கவேண்டும். சிவகுருநாதன் அமரவில்லை. துள்ளினார். அன்று பின்னேரமே கட்டிலைக் கழற்றிக் காவலாளிக்குக் கொடுத்துவிட்டார். மனம் மாற இடம் வைக்கக்கூடாதல்லவா!

அடுத்த கிழமை தச்சுவேலைக்கு நிலாம் பாஸ் வந்தார். தெஹிவளைக்காரர், கைவேலை சுத்தம். சிவகுருநாதன் அவரிடம் நான்கு தாள்களில் வரைந்த திட்டத்தை ஒப்படைத்தார். ஒவ்வொரு அளவும் மில்லிமீட்டரில் இருந்தது. அடி, அங்குலம் என்பன காலனித்துவத்தின் எச்சங்கள் என்பது அவருடைய கருத்து.

நிலாம் பாஸ் தாளை நேராகப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"சேர், இது அடிக் கணக்கில எவ்வளவு?"

"அடியில்லை பாஸ். உலகமே மெற்றிக்குக்கு மாறிட்டுது."

"என்ட டேப் மாறல்லயே சேர். அங்குலம்தான் ஈக்கிது."

சிவகுருநாதனுக்கோ கந்தோருக்கு நேரமாகிவிட்டது. கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனி அவருக்காகக் காத்திருந்தது. அப்போது ஜெகதீஸ்வரி தேத்தண்ணியோடு வந்தார். அவர் பாடசாலையில் கணிதம் படிப்பிப்பவர். அந்த மாதம் லீவில் நின்றார்.

"நீங்கள் போங்கோ அப்பா. நான் அங்குலத்துக்கு மாத்திக் குடுக்கிறன்."

"தசமதானம் பிழைக்கக்கூடாது."

"பிழைக்காது."

போகிற வழியெல்லாம் சிவகுருநாதன் தம்மைத்தாமே பாராட்டிக்கொண்டார். எத்தனை பேருக்குக் கணிதம் தெரிந்த மனைவி வாய்க்கிறாள்! தச்சர் எவரும் வரைபடத்தின்படி வேலை செய்வதில்லை, பகல் முழுக்க வீட்டில் நின்று தேத்தண்ணி கொடுப்பவரின் சொற்படிதான் செய்வார் என்பதை அந்த அறுபது காணொளிகளில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

வேலை மளமளவென்று நடந்தது. காலையில் அவர் லிஃப்டில் இறங்க, நிலாம் பாஸ் ஏறுவார். மாலையில் பாஸ் இறங்க, அவர் ஏறுவார். வீட்டுக்குள் நுழைந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அறைக்கு ஓடுவார். நாளுக்கு நாள் சுவர் மறைந்து அலுமாரி எழுந்தது. என்ன அலுமாரி! தரையிலிருந்து சீலிங் வரை. இரண்டு பக்கமும் திறந்த தட்டுகள். நடுவில் ஐந்தரை அடி அகலத்துக்குப் பெரிய மூடிய பகுதி.

ஐந்தரை அடி! சிவகுருநாதன் புருவத்தை உயர்த்தினார்.

"ஜெகா, நடுவில ஏன் மூடினது?"

"கடல் காத்து. உப்பு. நல்ல புத்தகங்களுக்குக் கதவு போடவேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

சொன்னாரா? நினைவில்லை. ஆனால் நல்ல கருத்தாக இருந்ததால் தாம்தான் சொல்லியிருக்கவேண்டும் என்று முடிவு செய்தார்.

ஒரு சனிக்கிழமை நிலாம் பாஸைக் கையும் களவுமாகப் பிடித்தார்.

"பாஸ், புத்தக அலுமாரிக்கு ஆழம் முந்நூறு மில்லிமீட்டர் போதும். இது ஐந்நூறுக்குக் கிட்ட இருக்கே?"

நிலாம் பாஸ் சீவுளியை நிறுத்தாமலே சொன்னார். "சேர்ட்ட சாதாரண புஸ்தகம் இல்லையாமே. பெரிய பெரிய புஸ்தகம் ஈக்காம். மத்த ஆக்கள்ட வீட்டில இல்லாத புஸ்தகமாம். டீச்சர் சென்ன."

சிவகுருநாதன் சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டார். "ஓம், சில தொகுதிகள் கொஞ்சம் பெரிசுதான்."

"மேல ரெண்டு பித்தளைப் பிடி ஏன்?" என்று மறுநாள் மனைவியிடம் கேட்டார்.

"பரந்த பலகை கண்ணுக்கு அலுப்பெண்டு சொன்னனீங்கள். அழகுக்குப் போட்டது."

"அருமை. பெஞ்சுக்குக் கால் இல்லையே? கீழே பெட்டி மாதிரி இருக்கு."

"சின்ன வீட்டில ஒரு அங்குலமும் வீண் போகக்கூடாதெண்டு நீங்கள்தானே..."

"ஓமோம். நான்தான்."

நடுப்பகுதியைத் திறக்க மட்டும் விடவில்லை. வார்னிஷ் காய இரண்டு கிழமை ஆகுமாம், திறந்தால் ஒட்டிக்கொள்ளுமாம். காயட்டும்! இரு பக்கத் தட்டுகளே அவருடைய பதினொரு பெட்டிகளையும் விழுங்கிவிட்டன. ஒன்பது அகராதிகளும் வரிசையாக நிமிர்ந்து நின்றன. யன்னல் பெஞ்சில் அமர்ந்தால் தண்டவாளத்துக்கு அப்பால் கடல். எதிரே கண்ணாடியில் இன்னொரு கடல். சிவகுருநாதன் அன்று மாலை ஒரே மூச்சில் எழுபது பக்கம் வாசித்தார். தாண்டிப் போக ஒருவருமில்லை. எழுப்ப ஒரு சித்தப்பாவுமில்லை. கண் கலங்கிவிட்டது.

அந்த வேகத்தில் ரொறன்ரோவுக்குத் தாமே வைபர் அழைப்பு எடுத்தார்.

"மச்சான், ஒரு கவலையான செய்தி. கட்டிலைக் கழட்டிக் குடுத்திட்டம். வீடு திருத்தினது. இனிப் படுக்க வசதியில்லை. காலி வீதியில நல்ல ஹோட்டல் இருக்கு, நான் விசாரிச்சு வைக்கிறன்."

"அப்பிடியே மச்சான்? ஓம் ஓம்." முத்துலிங்கத்தின் குரலில் துளியும் வாட்டமில்லை. "நேர வந்து பாக்கிறமே. ஜெகா படம் அனுப்பினவள். சோக்காயிருக்கு!"

படம் பார்த்தும் வருகிறாரென்றால் அறையை ரசிக்கத்தான் வருகிறார் என்று சிவகுருநாதன் மகிழ்ந்தார்.

ஓகஸ்ட் எட்டாம் திகதி காலை பத்து மணிக்கு மணி அடித்தது. கதவைத் திறந்தால் முத்துலிங்கம், அவர் மனைவி ரஜனி, மகள்மார் இருவர், எட்டுச் சூட்கேஸ்கள். லிஃப்ட் மூன்று முறை ஏறி இறங்கியிருக்கிறது.

"வாங்கோ, வாங்கோ!" சிவகுருநாதனின் வரவேற்பில் உண்மையான உற்சாகம் இருந்தது. பாதுகாப்பாக இருப்பவனின் உற்சாகம். எல்லோரையும் வாசிப்பறைக்கு அழைத்துப் போனார். கைகளை விரித்துக் காட்டினார். "பாருங்கோ மச்சான். கால் நீட்டக்கூட இடமில்லை. எனக்குத்தான் மனசு கேக்குதில்லை. சாப்பிட்டிட்டு ஆறுதலா ஹோட்டலுக்குப் போவம்."

"ஏன் ஹோட்டல்?" என்றார் ஜெகதீஸ்வரி.

சொல்லிக்கொண்டே இரண்டு பித்தளைப் பிடிகளையும் பற்றி இழுத்தார்.

அலுமாரியின் நடுப்பகுதி சாய்ந்தது. முழுதாகச் சாய்ந்தது. சத்தமில்லாமல், ராஜ மரியாதையோடு, இரண்டு கால்களை மடக்கு நீக்கி ஊன்றிக்கொண்டு அறையின் நடுவில் வந்து படுத்தது. மெத்தையோடு. விரிப்போடு. தலையணையோடு.

மூத்த மகள் கைதட்டினாள். ஜெகதீஸ்வரி பெஞ்சடிக்குப் போய்க் காலால் தட்டினார். பெட்டி முன்னால் உருண்டு வந்தது. அதற்குள் இன்னொரு மெத்தை. பெஞ்சின் மேற்பலகையில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. அதன்மேல் அமர்ந்துதான் அவர் எழுபது பக்கம் வாசித்தார்.

"மாமா, இது சூப்பர்!" என்று இளையவள் கத்தினாள்.

"எல்லாம் இவற்ற ஐடியா அண்ணா," என்றார் ஜெகதீஸ்வரி. "நான் ஒண்டும் செய்யேல்லை. அறுபது வீடியோ பாத்து, தாளில வரைஞ்சு, ராப்பகலா இதே யோசினை. ஆக்கள் வந்தால் படுக்க இடமிராதெண்டு முதல் நாளே கவலைப்பட்டவர்."

சிவகுருநாதன் வாயைத் திறந்தார். இது என் திட்டமில்லை என்று சொல்லவேண்டும். சொன்னால் என் திட்டம் எது என்று கேட்பார்கள். வாயை மூடினார்.

முத்துலிங்கம் அவரைக் கட்டிப்பிடித்தார். "மச்சான்! ரொறன்ரோவில இதுக்கு ஆர்க்கிடெக்ட் பிடிச்சாலும் இப்பிடி வராது. இந்த மூளைக்கு நீங்கள் கம்பனியில கிடந்து காயிறியளே!"

"சும்மா போங்கோ," என்றார் சிவகுருநாதன். ஆனால் முதுகு நிமிர்ந்துவிட்டது. "இதில ஒரு தத்துவம் இருக்கு. கவனிச்சியளோ, வெளிர் நிறம் பூசினபடியால் கட்டில் விரிச்சும் அறை அடைக்கேல்லை."

"அதைத்தான் நானும் யோசிச்சன்!"

"எதிரே அந்தக் கண்ணாடி. அது என்ர தனி யோசினை."

ரஜனி கண்ணாடியைப் பார்த்து வியந்தார். மகள்மார் படமெடுத்தார்கள். சிவகுருநாதன் கட்டிலை ஒருமுறை தாமே மேலேற்றி, மறுபடி இறக்கிக் காட்டினார். அவரே எதிர்பாராத அளவுக்கு அது இலேசாக இருந்தது. இன்னொரு முறையும் இறக்கிக் காட்டினார்.

"சரியா நாலு பேர் படுக்கலாம்," என்று முத்துலிங்கம் முடிவாகச் சொன்னார்.

சிவகுருநாதனின் முகம் சுருங்கியது. தவறான எண்ணொன்று திருத்தப்படாமல் ஓர் அறையில் நிற்பதை அவரால் ஒருபோதும் பொறுக்கமுடிந்ததில்லை.

"மன்னிக்கவேணும் மச்சான், நாலில்லை." சாண் போட்டுக் கட்டிலை அளந்தார். "அகலம் ஆயிரத்து அறுநூறு மில்லிமீட்டர். இதில மூண்டு பேர், நெருக்கமில்லாமல். பெஞ்சில ஒராள், நாலு. பெட்டி மெத்தையில ஒராள், அஞ்சு. ஹோலில சோபாவைச் சுவரோட தள்ளினால் தாராளமா ரெண்டு. ஆக மொத்தம் ஏழு பேர்."

"நிச்சயமாவோ அப்பா?" என்று கேட்டார் ஜெகதீஸ்வரி.

"கணக்குப் பிழைக்குமே? ஏழு. எழுதித் தாறன்."

ஜெகதீஸ்வரி பல்கனிக்குப் போனார். கீழே தெருவோரம் நின்ற வானை எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சித்தப்பா, மூண்டு பேரும் மேல வாங்கோ! இவர் அளந்து பாத்திட்டார், உங்களுக்கும் இடமிருக்காம்!"