சவுண்டுக்குப் போட்ட இரண்டு பூட்டு

அம்பத்தூர் எஸ்டேட்டில் கரண்ட் நின்ற நாள் உண்டு. மழைத் தண்ணீர் ஏறிக் கம்பெனியே நின்ற நாள் உண்டு. சவுண்டின் வாய் நின்று மட்டும் அப்போதெல்லாம் யாரும் பார்த்ததில்லை.

எங்களுடையது பிரஸ் ஷாப். வண்டிகளுக்குத் தகடு வெட்டும் இடம். எல்லா மெஷினும் சேர்ந்து அடிக்கும்போது காதோடு வாய் வைத்துச் சொன்னாலும் கேட்காது. அந்தச் சத்தத்துக்கு மேலே ஒரு குரல் வரும். அதுதான் சவுண்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்ப மாட்டார்.

ஒருமுறை ஃபோர்க்லிஃப்டின் ஹாரன் கெட்டுவிட்டது. புதிது வர நாளாகும் என்றார்கள். சவுண்டு வண்டிக்கு முன்னால் நடந்தார்.

"ஓரம் போ, ஓரம் போ! இரும்பு வந்துகினு கீது! கால எடுத்து உள்ள வெச்சுக்க!"

புது ஹாரன் வந்ததும் டிரைவர் அடித்துப் பார்த்தார். இது பத்தாது என்றார்.

வீடு இரண்டு ஸ்டேஷன் தள்ளித் திருமுல்லைவாயிலில். மத்தியானம் சம்சாரம் செல்வியோடு போனில் பேசுவார். இவருக்குப் போன் எதற்கு என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

இவ்வளவு பேச்சுக்கும் நடுவில் ஒரு கன்னம் தனியாக வேலை பார்க்கும். மாவா. பாக்குத் தூள், புகையிலை, சுண்ணாம்பு சேர்த்துப் பிளாஸ்டிக் காகிதத்தில் வைத்துக் கசக்குவது. விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. மாவாவும் இருக்கிறது. சவுண்டு அதை ஒரு கன்னத்தில் அடக்கி இன்னொரு கன்னத்தால் பேசுவார்.

முதலில் போண்டாவில்தான் பிரச்சினை வந்தது. கேன்டீன் தேவகி அக்கா போடும் போண்டாவை அவர் முழுசாக வாயில் போடுவார். ஒருநாள் போகவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனார்.

"இன்னா யக்கா, போண்டா சைஸ ஏத்திக்கினே போற? மனுசன் துன்றதா, ஷாட்புட் போடுறதா?"

"யோவ், எண்ணெய் விக்கிற விலைக்கு நான் சைஸ ஏத்துவனா? உன் வாயப் பாரு முதல்ல."

அவர் பார்க்கவில்லை. போண்டாவைப் பிட்டுத் தின்றார். பிறகு இட்லியையும் பிட்டுத் தின்றார். பேச்சில் எழுத்துகள் நசுங்க ஆரம்பித்தன. குரலும் இறங்கியது. ஃபோர்க்லிஃப்ட் டிரைவர்தான் முதலில் கவனித்தார். "அண்ணனுக்கு பேட்டரி டவுன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

செல்வி பல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர், "வாயத் தொறங்க" என்றார்.

"தொறந்துகினு தான் கீறேன் டாக்டர்" என்றார் சவுண்டு.

இதை அவரே எங்களிடம் ஜோக்காகச் சொன்னார். மீதியையும் சொன்னார். உள்ளே சதை இறுகி நாராகிக்கொண்டு வருகிறது. போன வாய் முழுசாகத் திரும்பாது. மாவாவை இன்றே விட்டால் இருக்கிற வாயாவது மிஞ்சும். விடாவிட்டால் உறிஞ்சு குழாயில் கஞ்சி. அதற்கு மேலும் ஒரு வியாதி இருக்கிறது. அதன் பெயரை அவர் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியிலேயே கவுன்சிலிங் மேடம் ஒருவர் இருந்தார். சவுண்டு வாரம் ஒருமுறை போனார். போய்வந்த மறுநாள் டீ நேரத்தில் எங்களுக்குப் பாடம் நடக்கும்.

"மண்டைக்குள்ள டோபமைன்னு ஒண்ணு சுரக்குது மாமே. மாவா வாயில பட்டாதான் சுரக்கும்னு நெனச்சுகினு இருந்தேன். அதுதான் இல்ல. அந்த பிளாஸ்டிக்கு சரசரன்னு கேக்குது பாரு, அப்பவே பொங்கிடுதாம். வாயில போட்டப்புறம் ஒண்ணுமே இல்ல. எல்லாம் முன்னாடியே முடிஞ்சிடுது."

"அப்ப சுகம் சத்தத்துலதான் கீதா?" என்றார் டிரைவர்.

"சுகமே இல்லடா. வோணும் வோணும்ன்ற அரிப்புதான் அது. எத்த செஞ்சா கெடைக்கும்னு மூளை கத்துக்குது. நல்லதா கெட்டதான்னு கேக்காது. நான் ஸ்கூல்ல ஒண்ணும் கத்துக்கல. என் மூளை இத்த மட்டும் ஃபர்ஸ்ட் ரேங்க்ல கத்துக்கினு கீது."

அவர் சொன்னது உண்மைதான். ஒருநாள் வேலைக்கு வரும் ரயிலில் பக்கத்து சீட்டு அம்மா முறுக்குக் கவரைப் பிரித்தார். சரசரவென்றது. சவுண்டின் தலை தானாகத் திரும்பியது. வாயில் எச்சில் ஊறியது. அந்த அம்மா பயந்து ஒரு முறுக்கை நீட்டினார். இவர் வாங்கிக்கொண்டார். முறுக்கு வாய்க்குள் போகவில்லை. இறங்க வேண்டிய பட்டரவாக்கம் வரை கையில் பிடித்துக்கொண்டே வந்தார்.

விட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். எப்படி என்பதை அவரே கண்டுபிடித்தார். எங்கள் மெஷினில் பட்டன் இரண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். ஒரு கையை அச்சுக்கு அடியில் விட்டு இன்னொரு கையால் அழுத்த முடியாது. விரல் தப்பும்.

"என் மண்டைக்கும் இதே சிஸ்டம்" என்றார் சவுண்டு.

ஒரு இரும்புப் பெட்டிக்கு இரண்டு கொண்டி வைத்துத் தானே வெல்டிங் அடித்தார். மாவாவை உள்ளே போட்டு இரண்டு பூட்டு போட்டார். ஒரு சாவி அவரிடம். இன்னொன்று தேவகி அக்காவிடம்.

"தூக்கிப் போட்டா ஆகாதா?" என்று கேட்டேன்.

"போட்டா கடைக்கு ஓடுவேன். பெட்டில கீதுன்னா மனசு இங்கயே சுத்திக்கினு இருக்கும்."

இதில் நியாயம் இருக்கிறதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தேவகி அக்கா நல்லவர். அதுதான் கெடுத்தது. நாலு தடவை மாட்டேன் என்பார். ஐந்தாவது தடவை இவர் முகத்தைப் பார்த்து, "ஐயோ பாவம்யா, இன்னிக்கு மட்டும்" என்று சாவியைக் கொடுப்பார். அடுத்த நாள் பத்து தடவை கேட்டாலும் கிடைக்காது. மறுநாள் முதல் தடவையே கிடைத்துவிடும். சவுண்டு கேன்டீன் வாசலிலேயே குடியிருந்தார். டீ நேரம் இல்லாத நேரத்திலும் நின்றார். முன்னைவிட வெறி அதிகமாயிற்று. சூப்பர்வைசர் ஷாப்பில் தேட மாட்டார். நேராகக் கேன்டீனுக்குப் போவார்.

கவுன்சிலிங் மேடம் இதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாராம்.

"கெடைக்கவே கெடைக்காதுன்னா மூளை கொஞ்ச நாள் கத்திட்டு விட்டுடுமாம் யக்கா. கெடைச்சாலும் கெடைக்கும்னு நிறுத்தி வெச்சா அவ்ளோதான். நாய் மாரி அங்கியே படுத்துக்குமாம்."

"அப்ப நான்தான் உன்னக் கெடுத்தனா?" அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீ இல்ல யக்கா. உன் நல்ல மனசு."

சாவி என்னிடம் வந்தது. ஏன் எனக்கு என்று கேட்டேன்.

"மனசு இல்லாத ஆளு யாருன்னு யோசிச்சேன் நைனா. நீதான் ஞாபகம் வந்த."

அன்றைக்கே கேட்டார். இல்லண்ணா என்றேன். கெஞ்சினார். இல்லண்ணா. என் சம்சாரத்துக்குப் போன் செய்து சிபாரிசு பிடித்தார். இல்லண்ணா. மாவா இல்லை, பெட்டிக்குள் செல்வியின் மோதிரம் விழுந்துவிட்டது என்றார். செல்விக்குப் போன் செய்தேன். மோதிரம் விரலில் இருந்தது.

ஒரு நாள் அவர் கை பட்டனில் நிற்கவில்லை. நான் போய் அவர் மெஷினை நிறுத்தினேன். அவ்வளவுதான். என் வம்சத்தையே இழுத்துத் திட்டினார். நசுங்கிய வாயால் திட்டியதில் பாதி எனக்குப் புரியவில்லை. பிறகு மூச்சு வாங்க உட்கார்ந்தார்.

"வரும்னு நெனச்சது வரலன்னா, உள்ள சுரக்குற டோபமைனும் கீழ பூடுதாம் மாமே. மேடம் சொன்னாங்க. அதான் இப்டி. நான் இல்ல."

"தெரியும்" என்றேன்.

மறுநாளிலிருந்து என்னோடு பேசுவதை நிறுத்தினார். பிறகு யாரோடும் பேசவில்லை. ஒரு வாரம் போல இருக்கும். மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. ஷாப்பே செத்த வீடு மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள். டிரைவர், "குடுத்துத் தொல மச்சான், ஒரே ஒரு வாட்டி" என்றார். சூப்பர்வைசரே வந்து, "ப்ரொடக்ஷன் குறையுதுப்பா, ஏதாவது பாரு" என்றார். தேவகி அக்கா வரவில்லை. தூரத்தில் நின்று என்னைப் பார்த்துத் தலையை இடம் வலமாக ஆட்டினார். கொடுக்காதே என்று அர்த்தம். நான் கொடுக்கவில்லை.

அந்த வாரம் தாண்டியது. எப்படித் தாண்டியது என்று அவருக்கும் தெரியாது.

வாய்க்கு டாக்டர் ஒரு பயிற்சி கொடுத்திருந்தார். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் சொருக வேண்டும். பழகியதும் இன்னொரு குச்சி. குச்சிக்காக ஷாப் முழுவதும் குச்சி ஐஸ் தின்றது. வெயில் காலம், அதனால் யாருக்கும் கஷ்டமில்லை. சர்க்கரை வியாதி உள்ள சூப்பர்வைசரும் நட்புக்காக என்று தின்றார். அவர் சம்சாரம் கம்பெனிக்கே போன் செய்து சண்டை போட்டது தனிக் கதை. ஒரு குச்சி கூடுதலாக ஏறினால் சவுண்டு அப்படியே ஷாப்பைச் சுற்றி வருவார். வாயில் குச்சி இருப்பதால் பேச முடியாது. கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே போவார்.

மழைக்காலம் வந்தபோது ஒருநாள் என் முன்னால் வந்து கையை நீட்டினார்.

"சாவி குடு."

"இல்லண்ணா."

"மாவாக்கு இல்லடா. ஸ்பேனர் வெக்க பெட்டி இல்ல."

நானும் கூடப் போனேன். இரண்டு பூட்டையும் திறந்தோம். மாவா பூஞ்சை பிடித்திருந்தது. அவர் எடுத்தபோது பிளாஸ்டிக் சரசரவென்றது. அப்படியே நின்றுவிட்டார். நெற்றியில் வேர்வை. பிறகு குப்பையில் போட்டார்.

"மாவா கேக்குறவன் இன்னும் மண்டைக்குள்ளதான் கீறான் மாமே. சத்தம் கேட்டதும் எழுந்து குந்திக்கினான். நான் ஒண்ணும் குடுக்கல. திரும்பப் படுத்துக்கினான்."

"மறுபடி எழுந்திருப்பானா?"

"எழுந்திருப்பான். சாவற வரிக்கும் எழுந்திருப்பான்னு மேடம் சொல்லிட்டாங்க. இனிமே அவன் குந்திக்கினே இருக்கட்டும். எனக்கு வேலை கீது."

பெட்டியில் ஸ்பேனரை அடுக்க ஆரம்பித்தார்.

போன மாதம் செல்விக்கு உடம்பு சரியில்லை. அதனால் சவுண்டைப் பல் டாக்டரிடம் காட்ட நான் கூட்டிக்கொண்டு போனேன். அரை நாள் லீவு. அவர் வாய்க்குள் டாக்டர் விரல் விட்டுப் பார்க்க வேண்டும், கொஞ்சமாவது திறந்திருக்கிறதா என்று. சவுண்டு உள்ளே போனார். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். கதவு சாத்தியிருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன்.

பிறகு கேட்டது. உள்ளே டாக்டருக்கே டோபமைன் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழுந்தது. வரிசையில் காத்திருந்தவர்கள் எல்லாரும் கதவைப் பார்த்தார்கள்.

நர்ஸ் வெளியே வந்தார். "நீங்கதான அவர் கூட வந்தவரு? இது ஆஸ்பத்திரி. அவரக் கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லுங்க" என்றார்.

சரி என்று தலையாட்டினேன். சொல்லவில்லை.