தலைதீபாவளிச் சீராக ஐந்து டயர்

மாட்டுங்கா, பம்பாய்
8-12-1964

சம்பந்தி அம்மாள் சௌபாக்கியவதி விஜயலக்ஷ்மி அவர்களுக்கு, தர்மாம்பாள் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் செம்பூரில் நம் குழந்தைகளும் சௌக்கியம். பாலக்காட்டில் தங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

தங்கள் கடிதம் நேற்று வந்தது. தலைதீபாவளிக்குத் தங்கள் பிள்ளைக்கு நான் 'கறுப்புச் சாமான்' சீர் வைத்ததாகக் கேள்விப்பட்டதாகவும், ஆண் துணை இல்லாத வீட்டில் வேறென்ன எதிர்பார்க்க முடியும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்து மிக அழகாக இருந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கான்வென்டில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

என்ன வேண்டும் என்று மாப்பிள்ளையைக் கேட்பது வழக்கம், கேட்டேன். மோதிரம் என்பார், கைக்கடிகாரம் என்பார் என்று எண்ணியிருந்தேன். உங்கள் வேங்கடசுப்ரமணியன் தரையைப் பார்த்துக்கொண்டு, "மாமி, தப்பா நெனச்சுக்காதீங்கோ, எனக்கு டயர் வேணும்" என்றார். ஊருக்குத் திரும்பிப்போன ஒரு விமானியிடமிருந்து அவர் வாங்கிய காரைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். சிவப்பு, துணிக் கூரை, இரண்டே பேர் உட்காரலாம், வேகமாகப் போவதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. ஷ்யாமளா உடனே, "அம்மா, டயர் நாலும் மொழுமொழுன்னு தேஞ்சு கெடக்கு. கண்டாலா மலை எறங்கறச்சே நான் கண்ணை மூடிண்டுடுவேன்" என்றாள். எனக்கு இருப்பது ஒரே பெண். சீர் டயர்தான் என்று அந்தக் கணமே நிச்சயித்துவிட்டேன்.

ஆனால் தெரிந்துகொள்ளாமல் எதையும் வாங்குகிறவள் அல்ல நான். தேய்ந்த டயர் எப்படி வழுக்கும் என்று பார்க்காமல் வழுக்காத டயரை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஆகவே மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை, ஒன்பது கஜத்தை இழுத்துச் செருகிக்கொண்டு மாப்பிள்ளையின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, செம்பூருக்கு அப்பால் கூட்டமில்லாத ரோட்டுக்குப் போகச் சொன்னேன். "வேகமா ஓட்டுங்கோ. நான் சொல்றச்சே பிரேக்கைப் போடுங்கோ" என்றேன். போட்டார். வண்டி வழுக்கிக்கொண்டே போய், அரை வட்டம் அடித்து, வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நின்றது. எதிரே வந்த பஸ்காரன் தலையை நீட்டி, "ஏ, மர்னா ஹை க்யா?" என்று கத்தினான். சாகிற உத்தேசம் இல்லையப்பா, டயர் வாங்குகிற உத்தேசம் என்று இந்தியில் சொல்ல எனக்கு வார்த்தை வருவதற்குள் போய்விட்டான். உங்கள் பிள்ளை வெளிறிப்போய் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டிருந்தார். "இன்னொரு தரம்" என்றேன். முதல் தரம் நான் சரியாகக் கவனிக்கவில்லை.

மறுநாள் தாராவியில் டயர்க் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஜெயினுலாப்தீனிடம் போனோம். மாப்பிள்ளையை வாசலில் நிறுத்திவிட்டு நானே பேசினேன். "ஆச்சி, இதை எடுத்துக்கிடுங்க. கெட்டி ரப்பரு. ஒங்க மாப்பிள்ளைக்கு வழுக்கை விழுந்தாலும் இதுக்கு விழாது" என்றார்.

"மழையில நிக்குமா?"

"மெல்லப் போனா நிக்கும்."

"மெல்லப் போறவாளுக்கு அந்தக் கார் எதுக்கு?"

முணுமுணுத்துக்கொண்டே உள்ளேயிருந்து வேறொன்றை உருட்டி வந்தார். "இது கப்பல்ல வந்த சரக்கு, ரேஸ் ஓட்டுதவன் தேடி வாங்குவான். மெத்து ரப்பரு, ரோட்டை விடாது. ஆனா சீக்கிரமா தேஞ்சு போவும், இப்பமே சொல்லிட்டேன். சீருன்னு சொல்லுதிய, நாலு காலம் நிக்க வேண்டாமா?"

நகத்தால் அழுத்திப் பார்த்தேன். பிஞ்சுக் கத்தரிக்காயில் பதிவதுபோலப் பதிந்தது. "டயர் தேஞ்சா வேற வாங்கலாம். எனக்கு வேற பொண்ணு இல்லை" என்றேன். சீரில் இரட்டைப்படை கூடாது என்று ஸ்டெப்னியும் சேர்த்து ஐந்தாக எடுத்தேன்.

தீபாவளிக்கு முதல்நாள் அடுத்த வீட்டுப் பஞ்சு வந்தார். ரயில்வேயில் ரிடையரானவர், கேட்காமலே யோசனை சொல்லுவார். "என்ன மாமி இது, தலைதீபாவளி அதுவுமா கறுப்பு! சம்பந்தியாத்துல காதுல விழுந்தா என்ன சொல்லுவா?" நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பது எனக்கும் தெரியும். புதுத் துணியின் ஓரத்தில் மஞ்சள் வைக்கிறோம், டயரில் முழுக்க வைத்துவிட்டால் கறுப்பு ஏது? வெறும் மஞ்சள் ரப்பரில் ஒட்டவில்லை. நல்லெண்ணெயில் குழைக்கச் சொன்னார் பஞ்சு, ஒட்டியது. விடிகாலையில் கூடத்துக் கோலத்தின்மேல் ஐந்தும் பெரிய மெதுவடைகள் மாதிரி பொன்னிறமாக அமர்ந்திருந்தன. எனக்கே பெருமையாக இருந்தது.

ஸ்நானம் செய்துவிட்டு வந்த மாப்பிள்ளை குனிந்து ஒன்றைத் தொட்டார், விரலை மோந்தார். "மாமி... எண்ணெயா? இது ரப்பரைத் தின்னுடுமே! ரோட்டுல வழுக்குமே!" வழுக்காத டயருக்காக அத்தனை பாடுபட்டவள், தங்கள் அபிப்பிராயத்தை உத்தேசித்து, பெண் ஏறப்போகிற வண்டியின் டயருக்கு என் கையாலேயே எண்ணெய் தடவியிருக்கிறேன். பலகாரத்தட்டை அப்படியே வைத்துவிட்டு, ஐந்தையும் ஸ்நான அறைக்கு உருட்டி, வெந்நீர் விட்டு, சீயக்காய் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தோம். புது வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தங்கள் பிள்ளை நன்றாகவே தேய்த்தார். அந்தச் சமயம் பஞ்சு வாசலில் நின்று, "என்ன, கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று குரல் கொடுத்தார்.

"டயருக்கு இப்பத்தான் ஆறது மாமா" என்றாள் ஷ்யாமளா. "எண்ணெய் வெக்கச் சொன்னது நீங்கதானே, சீயக்காய் யார் தேய்க்கறது? உள்ளே வந்து ஒண்ணைப் பிடியுங்கோ."

வந்து பிடித்தார்.

பண்டிகை முடிந்ததும் டயர்களை மாட்டி, குழாய் உடைந்து தண்ணீர் தேங்கிய ஒரு ரோட்டில் நானே பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் போடச் சொன்னேன். கான்வென்ட் அசெம்பிளியில் மணி அடித்ததும் நிற்கிற பெண்களைப் போல, வண்டி நேராக, அசையாமல் நின்றது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். தாங்களும் தூங்கலாம். நான் சீர் வைத்தபோது டயர்கள் மஞ்சள் நிறம். குளித்த பிறகுதான் கறுப்பு, அதற்குள் அவை தங்கள் பிள்ளையின் சொத்தாகிவிட்டன.

தங்கள் அகத்தில் எல்லோருக்கும் என் ஆசிகளும் விசாரிப்புகளும். பகவான் தங்களுக்கு நீண்ட ஆயுளும் நல்ல செய்திகளும் தரட்டும்.

தங்கள் அன்புள்ள,
தர்மாம்பாள்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் குழந்தைகள் வந்தார்கள். ஷ்யாமளா மூன்று மாதமாக முழுகாமல் இருக்கிறாள். இதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். மறுபடி எழுதக் கை வலிக்கிறது, மன்னிக்கவும். அந்தக் காரில் ஏறவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாளாம், இரண்டு பேர் வண்டியில் இனி மூன்று பேர் போகவும் முடியாது. மாப்பிள்ளை காரை விற்கப்போவதாகச் சொன்னார். அப்படிப்பட்ட டயர்களை முகம் தெரியாதவர் கையில் விட எனக்கு மனம் வரவில்லை, காரோடு நானே வாங்கிக்கொண்டேன். நாளை முதல் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். ஆகையால், தலைதீபாவளிக்குத் தங்கள் பிள்ளைக்கு நான் ஒன்றுமே கொடுக்கவில்லை என்று தாங்கள் தாராளமாக எல்லோரிடமும் சொல்லலாம்.