கழுதை கத்தும் கணக்கு

"டீச்சர், கழுதை கத்துனா பாசா, பெயிலா?"

பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்த முதல் நாளே ஐந்தாம் வகுப்புச் செவ்வந்தி கேட்டாள்.

"பெயிலு. விடை சரின்னா கை தட்டும், தப்புன்னா கழுதை கத்தும்" என்றார் முருகேஸ்வரி டீச்சர், பிளக்கோடு மல்லுக்கட்டியபடி.

கழுதை கத்துவதோடு நிற்கவில்லை. திரையில் பின்னங்காலால் உதைத்து, விழுந்து புரண்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். பெருக்கல் தேர்வில் வகுப்புச் சராசரி பத்துக்கு நான்கு.

இராமநாதபுரத்திலிருந்து கல்வி அதிகாரி உக்கிரபாண்டி பார்க்க வருவார். மதிப்பெண் ஏறாவிட்டால் கம்ப்யூட்டர் வேறு பள்ளிக்குப் போய்விடும்.

டீச்சர் வாய்ப்பாட்டை மறுபடி நடத்தினார். சராசரி இரண்டுக்கு இறங்கியது. சனிக்கிழமை சிறப்பு வகுப்பு வைத்தார். ஒன்றுக்கு வந்தது.

"ஏலே மூக்கையா, ஏழெட்டு எம்புட்டு?"

"அம்பத்தாறு டீச்சர்."

"இங்கன தெரியுது. அந்தப் பெட்டி முன்னால உக்காந்தா மட்டும் எங்கலே போகுது?"

மூக்கையா தலையைச் சொறிந்தான்.

கடைசியாக, நன்றாகப் படிக்கும் செவ்வந்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். அன்று வகுப்பே சைபர்.

மறுநாள் அதிகாரி வந்துவிட்டார்.

"என்னம்மா இது? கண்ண மூடிக்கிட்டு நாலு விடையில ஒண்ண அமுக்குனாலே பத்துக்கு ரெண்டு வருமே!" கம்ப்யூட்டரை எடுத்துச்செல்லும் உத்தரவை மேசையில் விரித்து, பேனாவைத் திறந்தார்.

"பிள்ளைகளுக்குத் தெரியும் சார். மிஷின்லதான் ஏதோ கோளாறு."

"கோளாறா? தள்ளுங்க, நானே போட்டுப் பாக்குறேன்."

அவர் அதுவரை மவுஸைத் தொட்டதில்லை. ஏழெட்டுக் கேள்விக்கு ஐம்பத்தாறைக் குறிவைத்தார். திரையிலிருந்த அம்பு வழுக்கி ஐம்பத்துநான்கில் போய் நின்றபோது அமுக்கிவிட்டார். கழுதை கத்தியது. அடுத்த கேள்விக்கும் கழுதைதான். விடாமல் பத்தையும் முடித்தார். திரையில் சைபர். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

செவ்வந்தி மட்டும் மரியாதையாக எழுந்து நின்றாள்.

"சாருக்கும் கழுதையத்தான் புடிச்சிருக்கு டீச்சர். எங்கள மாதிரியே, சரியான விடையப் பாத்துப் பாத்து ஒதுக்குறாரு!"

உக்கிரபாண்டி பேனாவை மூடினார். உத்தரவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, போய் ஜீப்பில் ஏறினார்.