மூன்று முறையும் அம்மா பெயர்

புரோகிராம் எழுதித்தான் பிழைக்கிறேன். ஆனாலும் அதில் புரியாத வரி ஒன்று கிடந்தால் அழிக்கக் கை வராது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது அப்படி விட்ட ஒரு வரி, எங்கள் ஊரான கிளிஞ்சல்மேட்டில் என் அம்மாவின் மானத்தை வாங்கியது.

காரைக்கால் சந்தையில் மீன் விற்கும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு, யாருக்கு எந்த இடம் என்று வருடத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். வாசலோரம் கிடைத்தால் பத்து மணிக்குள் கூடை காலி. உள்மூலை என்றால் மதியம்வரை ஈ ஓட்ட வேண்டியதுதான். அம்மாவுக்கு மூன்று வருடமாக மூலை.

நான் சும்மா இருந்திருக்கலாம். “கம்ப்யூட்டர்ல குலுக்குனா யாரு பக்கமும் சாயாதுங்க” என்று ஊர்த் தலைவரிடம் அளந்துவிட்டேன். பைத்தான் என்ற புரோகிராம் மொழிப் புத்தகத்தில் ‘ரேண்டம்’ என்ற தலைப்பின் கீழ் கண்ணில் பட்ட ஃபங்ஷன்களையெல்லாம் பொறுக்கிச் சேர்த்தேன். அதில் ஒன்று, குலுக்கலை ஓர் எண்ணோடு கட்டிப்போடுவது. எண் மாறாவிட்டால் எத்தனை முறை குலுக்கினாலும் அதே வரிசைதான் வரும். (இது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியும்.)

எல்லோர் முன்னாலும் முதலில் ஒரு வெள்ளோட்டம். இருபத்திரண்டு பெயர்களில் முதலில் வந்தது அம்மா, வாசலோரம். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து நிஜக் குலுக்கல். மறுபடி அம்மா. யாரும் சிரிக்கவில்லை.

“இன்னொரு தடவ அமுக்கும்மா” என்றார் தலைவர். அமுக்கினேன். அம்மா.

“ஏண்டி செல்வி, ஒன் மவ பொட்டிக்கு ஒன் பேரு மட்டுந்தான் தெரியுமா?” என்றார் பக்கத்து வீட்டுத் தனம் அத்தை.

நான் ஏதோ சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தேன். “நீ பேசாத” என்றாள் அம்மா. அவள் முகம் சிவந்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“பழயபடி சீட்டே போடுங்க. நான் எடுக்கல. எல்லாரும் எடுத்தப்பறம் மிச்சம் கெடக்குறது எனக்கு” என்றாள்.

இடங்களைக் காகிதத்தில் எழுதிக் குடத்தில் போட்டார்கள். இருபத்தொரு பேரும் எடுத்து முடித்தார்கள். அடியில் கிடந்த கடைசிச் சீட்டைத் தலைவர் பிரித்துப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார். வாசலோரம்.

அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வருடம் முழுக்க வாசலில்தான் உட்கார்ந்தாள்.

இப்போதும் குலுக்கல் நாளில் நான் ஊருக்கு வந்திருந்தால், தனம் அத்தை என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுக் காபி கொடுப்பார். என் போனை வாங்கி, “குலுக்கல் முடியட்டும்” என்று அரிசிப் பானைக்குள் வைத்த பிறகுதான் காபி.